அறிவியல் புனைகதைக்கு ஓர் ஆன்மிக விருது

திருவண்ணாமலையில் அறிவியல் புனைகதை எழுதுகிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச்சுத்துணைக்கு இன்னொருவர் கிடைப்பாரா என்று சில வருடங்கள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கவிஞர்கள் நிறைய இருக்கிறார்கள். மலையின் மகிமையை எழுதுகிறவர்கள் அதைவிட ஜாஸ்தி. சித்தர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவே உண்டு. ஆனால் செவ்வாய் என்றால் எங்கள் ஊரில் தோஷம்தான், கிரகம் இல்லை. பெண்ணுக்குச் செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். அங்கே போய்வர எத்தனை மாதம் ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு வேலை வேங்கிக்காலில், நிலத்தடி நீர்க் கணக்கு வைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில். மாவட்டம் முழுக்கக் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. மாதாமாதம் ஆட்கள் போய் நாடா விட்டு அளந்து வருவார்கள். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நான். தண்ணீர் இறங்கியிருக்கும், மழை பெய்தால் கொஞ்சம் ஏறியிருக்கும், மறுபடி இறங்கியிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, இருநூறு வருடம் கழித்து இந்த வேலையை யார் செய்வார்கள் என்று ஒரு யோசனை வந்தது. மனிதர்கள் செய்யமாட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு எந்தத் தரிசனமும் எனக்குக் கிடைக்கவில்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பிரச்சினை ஆனது இதுதான்.

அந்த யோசனை நாவலாக வளர்ந்தது. இருநூறு வருடம் கழித்து எங்கள் மாவட்டத்தில் மழை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மிச்சம் இருக்கும் தண்ணீரை எந்த ஊருக்கு எவ்வளவு விடுவது என்று முடிவுசெய்ய, மலையைக் குடைந்து உள்ளே ஓர் எந்திரத்தை வைக்கிறார்கள். அது யோசிக்கும், பேசும், ஜனங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும். ஒருநாள் காலையில் அது பேசுவதை நிறுத்திவிடுகிறது. தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. பழுது பார்க்க ஒரு பெண் பொறியாளரை உள்ளே அனுப்புகிறார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கிறாள். எங்கும் பழுது இல்லை. கடைசியில் கருவிகளைப் பையில் போட்டு மூடிவிட்டு, எந்திரத்தின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிடுகிறாள்.

‘மலை பேசவில்லை’ என்று தலைப்பு வைத்தேன். எனக்கு அது புகார் மனு மாதிரிதான் தொனித்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மலை பேசவில்லை. எங்கள் ஊரில் மௌனம் என்பது உபதேசம். அதைக் கேட்கவே வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் செங்கம் ரோட்டில் வாடகைக்கு அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தலைப்பை எழுதும்போது இது ஞாபகத்துக்கு வராமல் போனது.

பதிப்பாளர் சென்னைக்காரர். சின்ன அளவில் புத்தகம் போடுகிறவர். அட்டையில் வயர்களும் எந்திரமும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்த அட்டையில் விடியற்கால மலை இருந்தது. உச்சியில் மஞ்சள் ஒளி. ஓரத்தில் கோபுரம். போன் செய்து கேட்டேன்.

“மேடம், உங்க ஊர் பேரைப் போட்டுத் தேடினேன், இதான் வந்துச்சு. நல்லா இல்லியா?” என்றார்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

புத்தகம் வந்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்தில் என் மேலதிகாரி மட்டும் ஒரு பிரதி வாங்கினார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, நாவலில் வருகிற நீர்மட்ட அளவுகளை எந்த ஃபைலிலிருந்து எடுத்தேன் என்று கேட்டார். அதெல்லாம் இருநூறு வருடத்துக்குப் பிறகு வரப்போகிற அளவுகள் சார் என்றேன். அப்படியானாலும் அனுமதி வாங்கியிருக்கலாம் என்றார்.

அப்புறம் ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் எங்கள் ஊர்க்காரர்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சிற்றிதழ்களில் புத்தக விமர்சனம் எழுதுவார். அவருடைய விமர்சனத்துக்குப் பயந்து கவிதையை வெளியூர்ப் பத்திரிகைக்கு மட்டும் அனுப்புகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நாங்கள் எல்லாரும் அவரைப் பேராசிரியர் என்றுதான் சொல்வோம். என் நாவலைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். ‘இந்த நூலில் அறிவியலும் இல்லை, புனைவும் இல்லை. பக்க எண்கள் சரியாக இருக்கின்றன’ என்று ஆரம்பித்தது. என் கதாநாயகி முந்நூறு அடி ஆழத்துத் தண்ணீரை மேலேயிருந்தே ஒரு பம்பால் உறிஞ்சி எடுக்கிறாள். மேலே வைத்த பம்பு சுமார் முப்பது அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது, காற்றழுத்தம் அவ்வளவுதான், இது பள்ளிப் பாடம் என்று எழுதியிருந்தார். நிலத்தடி நீர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர் எழுதியது என்பதையும் குறிப்பிட மறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நூலகத்தில் அவரை நேருக்கு நேர் பார்க்கும்படி ஆனது. பேப்பர் படிக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன் சார்.”

“நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க.”

“பம்பு விஷயம் சரிதான் சார்.”

“மத்ததும் சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அழுதேன். என் கணவர் விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். புத்தகம் படிக்கமாட்டார். படிக்கிறவர்கள் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. “வீட்ல உன் புக்கு கட்டு கட்டா கிடக்குதே, அதுல கொஞ்சம் லாட்ஜுக்கு எடுத்துனு போறேன்” என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

ரிசப்ஷன் மேஜையில் கிரிவலப் பாதை வரைபடத்துக்கும் விபூதி டப்பாவுக்கும் நடுவில் என் நாவலை அடுக்கி வைத்தார். அடுத்த பௌர்ணமிக்கு எல்லாம் போய்விட்டது. கிரிவலம் வந்தவர்கள் அட்டையில் மலையைப் பார்த்தார்கள், தலைப்பைப் பார்த்தார்கள், ஒரு கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பதிப்பாளர் சந்தோஷப்பட்டு மறுபடி அச்சடித்தார். தமிழ்நாட்டில் அறிவியல் புனைகதைக்கு வாசகர்கள் இல்லை என்று இனிமேல் யாரும் சொல்லமுடியாது என்று முகநூலில் எழுதினார். நானும் அதை நம்பினேன்.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பஞ்சாலை வைத்திருந்து, பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, பௌர்ணமி தவறாமல் எங்கள் ஊருக்கு வருகிறவர். ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். அது வருடா வருடம் ஒரு நூலுக்கு விருது கொடுக்கிறது. ஒருநாள் ஆபீஸில் இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

“அம்மா, வணக்கமுங்க. உங்க புத்தகத்துக்கு எங்க அறக்கட்டளை விருது குடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்குதுங்க. நீங்க மறுக்கப்படாது.”

மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நன்றி சொன்னேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. அது உங்களுக்கு எப்பங்க வந்துச்சு?”

நாவலுக்கான யோசனையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “ஆபீஸ்ல சார். மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு வந்துச்சு.”

அவர் பயபக்தியோடு, “ஆபீஸ்லயே” என்றார். “அது எடம் பாத்துட்டா வரப்போகுது” என்று அவரே சொல்லிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்த அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ‘மலையின் உள்ளே சென்று மீண்ட அம்மையாரின் அனுபவ நூல்’ என்று போட்டிருந்தது. விருதின் பெயர் ஞானச்சுடர். உடனே போன் செய்தேன்.

“சார், ஒரு சின்ன விஷயம். அந்தப் புத்தகம் கதை சார். அறிவியல் புனைகதை. நான் மலைக்குள்ள எல்லாம் போகல.”

“புரியுதுங்கம்மா.”

“உள்ள இருக்கறது மெஷின் சார்.”

“எல்லாமே ஒரு மெஷின்தானுங்களே” என்றார். “கதைன்னு சொல்லித்தான் எழுதோணும். நேரா சொன்னா தாங்கமாட்டாங்க. உங்க தன்னடக்கம் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க.”

மறுபடி இரண்டு முறை பேசிப் பார்த்தேன். பேசப் பேச என் தன்னடக்கம் கூடிக்கொண்டே போனது. நிறுத்திக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில் பேனர் வைத்தார்கள். என் ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தை எங்கிருந்தோ பிடித்துப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்ச வட்டம் போட்டிருந்தார்கள். அடையாள அட்டைப் படத்தில் நான் முறைத்துக்கொண்டிருப்பேன். வட்டத்தோடு பார்க்க அது ஏதோ ஆழ்ந்த நிலை மாதிரி இருந்தது. பக்கத்து செக்‌ஷன் பெண் ஒருத்தி மத்தியானம் என் மேஜைக்கு வந்து, அவள் மகளுக்கு இந்த வருடத்துக்குள் வரன் அமையுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். “சொல்லக்கூடாதுனா வாணாம் மேடம்” என்று போய்விட்டாள்.

“போகவேணாம்னு பாக்கறேன்” என்று கணவரிடம் சொன்னேன்.

“குடுக்கறாங்க, வாங்கிக்க. நீ இன்னா திருடினியா?”

“பொய் சொன்ன மாதிரி இருக்குது.”

“கதை எழுதறதே அதுதானேம்மா” என்றார். படிக்காதவருக்கு எல்லாம் சுலபமாகத் தெரிகிறது.

உண்மையில் எனக்கு அந்த விருது வேண்டாம் என்று இல்லை. பத்து வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தியதில்லை. அது வேண்டும், ஆனால் நான் எழுதிய புத்தகத்துக்கு வேண்டும்.

அழைப்பிதழில் இன்னொரு விஷயம் இருந்தது. நூல் மதிப்புரை என்ற இடத்தில் பேராசிரியர் பெயர். விசாரித்ததில் விவரம் தெரிந்தது. நூலைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கும் அறிஞர் ஒருவர் பேசவேண்டும் என்று அறக்கட்டளைத் தலைவர், அதாவது எனக்குப் போன் செய்த பஞ்சாலைக்காரர், சொல்லியிருக்கிறார். அவருடைய ஆட்கள் தேடியிருக்கிறார்கள். எழுதியிருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். என்ன எழுதியிருந்தார் என்பதை யாரும் படிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

“சார், நாளைக்கு நீங்க என்ன பேசப்போறீங்க?”

“புத்தகத்தைப் பத்தி.”

“இது என்ன விருதுன்னு…”

“பாத்தேன். பேனரும் பாத்தேன். அந்த வட்டம் உங்களுக்கு நல்லா இல்ல” என்றார்.

விழா காலையில், ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர். உள்ளே நல்ல கூட்டம். முதல் வரிசையில் வெள்ளை உடுத்திய வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சம்மணமிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவர்களுக்கு இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவாரம் பாடினார்கள். என்னை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் தலைவர், இன்னொரு பக்கம் பேராசிரியர். தலைவர் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மெலிந்த உடம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவர்தான் முதலில் பேசினார். “இந்த அம்மா உள்ள போய்ப் பாத்துட்டு வந்தவங்க. பாத்ததை அப்படியே எழுதியிருக்காங்க. பேசாம இருக்கறதுன்னா என்னன்னு எனக்கு இந்தப் புத்தகத்துலதானுங்க தெரிஞ்சுது” என்றார். அதற்கு மேல் பேசவராமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது.

அடுத்து பேராசிரியர். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தார். கையில் என் நாவல் இருந்தது. பக்கங்களுக்கு நடுவே நிறையத் துண்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“இந்தப் புத்தகத்தை நான் மூணு தடவை படிச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தார். “ஒருதடவை படிச்சுட்டுத் திட்டினா அது கோபம். மூணு தடவை படிச்சுட்டுத் திட்டினாதான் விமர்சனம். நான் திட்டி எழுதியிருக்கேன். அதுல ஒரு வார்த்தையும் மாத்திக்கறதா இல்ல.”

தலைவர் சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆனா ஒண்ணு சொல்லணும். இது நாவல். அனுபவ நூல் இல்ல. இதுல மலைக்குள்ள இருக்கறது சாமி இல்ல, சித்தர் இல்ல. மெஷின். எட்டாவது அத்தியாயத்துல இந்தம்மா அந்த மெஷினுக்கு ஒயரிங் போட்டிருக்காங்க. அதுல ரெண்டு எடம் தப்பு. தப்பா இருக்கறதாலதான் சொல்றேன், இது அவங்களுக்கு யாரும் சொல்லி வந்ததில்ல. அவங்களா உக்காந்து யோசிச்சது. சாமி சொல்லியிருந்தா ஒயரிங் சரியா இருந்திருக்கும்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “யோவ், உக்காருயா” என்றார். பேராசிரியர் அந்தத் திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் காத்திருந்தார். முப்பது வருடம் கல்லூரி வகுப்பைப் பார்த்தவர். சத்தம் அடங்கியது.

“ஒரு மனுஷி வேலைக்குப் போய், வீட்டையும் பாத்துக்கினு, மிச்ச நேரத்துல இல்லாத ஒண்ணைக் கட்டி எழுப்பியிருக்காங்க. அது கோணலா இருக்குதுன்னு நான் சொல்வேன். அது என் வேலை. ஆனா அது கட்டினதே இல்ல, தானா வந்துச்சுன்னு சொல்றதை என்னால ஒத்துக்கமுடியாது. அப்படிச் சொன்னா கட்டினவங்கனு யாருமே இல்லாம போயிடுவாங்க.”

உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் இன்னும் ஒயரிங்கில் இருந்தார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். “அம்மா, நீங்களே சொல்லிடுங்க. நடந்துச்சுங்களா, இல்லீங்களா?”

பேராசிரியரைப் பார்த்தேன். அவர் நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“நடக்கலைங்க” என்றேன். “உள்ள மெஷினை வெச்சது நான்தான். அதைப் பேசாம பண்ணினதும் நான்தான்.”

“ஏனுங்க பேசாம பண்ணினீங்க?”

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்து வைத்திருக்கவில்லை. “தெரியலைங்க. அது திரும்பப் பேசற மாதிரி ரெண்டு மூணு விதமா எழுதிப் பாத்தேன். எல்லாம் பொய்யா இருந்துச்சு. பேசாம விட்டப்புறம்தான் சரியா இருந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து, தட்டில் இருந்த பட்டுத்துண்டை எடுத்துப் பிரித்து, என் தோளில் போர்த்தினார். “குடுக்கறதுன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க” என்று மைக்கில் சொன்னார். கேடயத்தையும் கொடுத்தார். அதில் நாவலின் தலைப்பு ‘மலை பேசியது’ என்று பொறித்திருந்தது. செதுக்கியவருக்குத் தலைப்பில் ஏதோ பிழை இருப்பதாகத் தோன்றித் திருத்தியிருக்கவேண்டும். முதல் வரிசையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் அப்போதுதான் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து வணங்கினாள். அவளுக்கு மட்டும் விழா எதிர்பார்த்தபடியே நடந்து முடிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ரசம் வந்தபோது சொன்னார்.

“எங்க ஊட்டுக்காரம்மாவுக்குப் பக்கவாதமுங்க. கடைசி வரைக்கும் பேச்சு திரும்பலீங்க. நல்லா முழிச்சிருப்பாங்க, நான் சொல்றது புரியும், பதில் மட்டும் வராது. நான் கோவிச்சுக்குவேனுங்க. பேசு பேசுன்னு. ஒவ்வொரு டாக்டரா கூட்டிட்டுப் போவேன். பக்கத்துல சும்மா உக்காந்ததே இல்லீங்க.” சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அவங்க போனப்புறம் உங்க லாட்ஜுல அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிச்சேன். அந்தப் புள்ளை சாமானெல்லாம் மூடி வெச்சுட்டுப் பக்கத்துல உக்காருதே, அந்த எடம். உங்களுக்கு யாரோ சொல்லித்தான் எழுதியிருக்கோணும்னு நினைச்சேன். உள்ள இருக்கறதைத் தெரிஞ்சவங்க யாராவது சொன்னதா இருந்தா, எங்க ஊட்டுக்காரம்மாவும் உள்ள பழுதில்லாம அப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு…”

முடிக்கவில்லை. “நானா நினைச்சு எழுதினதுதாங்க” என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அந்தக் கணமே தோன்றியது.

“அதானே சொன்னீங்க மேடையிலயே” என்றார். பாயசம் வந்தது. இலையிலேயே விடச்சொல்லி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பேராசிரியர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். அன்று பௌர்ணமி இல்லை, இருந்தும் ஆட்டோக்காரர்கள் பௌர்ணமி ரேட் சொன்னார்கள். இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடம்வரை நடந்தோம். நான் துண்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன், கேடயம் உள்ளே போகவில்லை.

“சார், அப்போ உங்களுக்குப் புத்தகம் புடிச்சுதான் இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சார் இவ்ளோ பேசினீங்க?”

“நான் திட்டறதுக்காகப் படிச்சேன். அவங்க படிக்காமலே புகழறாங்க. எனக்கு அது தாங்கல.”

“அவர் படிச்சிருக்காரு சார்” என்றேன். பந்தியில் கேட்டதைச் சொன்னேன்.

பேராசிரியர் நின்றுவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இது எனக்குத் தெரியாது” என்றார். சென்னை பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. “அந்த எடம் நல்லா இருக்குது. அவ உக்கார்ற எடம். நான் விமர்சனத்துல எழுதல. எழுதியிருக்கணும்.” பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் சென்னையில் சில வாசகர்கள் சேர்ந்து அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு விருது ஆரம்பித்தார்கள். பதிப்பாளர் என் நாவலை அனுப்பினார். அவர்கள் நிராகரித்துவிட்டார்கள். ஆன்மிக நூலாக ஏற்கெனவே விருது பெற்ற படைப்பை அறிவியல் புனைகதையாகக் கருத இயலவில்லை என்று நடுவர் குழு தெரிவித்தது. பேராசிரியர் அவர்களுக்கு நீண்ட மறுப்பு எழுதினார். ‘மேற்படி நாவல் குறைகள் மலிந்த அறிவியல் புனைகதை. ஆனால் அறிவியல் புனைகதை’ என்பது அதன் சாரம். அவர்கள் அதை இணையத்தில் போட்டார்கள். முடிவை மாற்றவில்லை. எனக்கு ஆதரவாக இதுவரை எழுதப்பட்ட ஒரே கட்டுரை அதுதான். அதிலும் குறைகளுக்கு இரண்டு பத்தி போய்விட்டது.

தலைவரை அதற்குப் பிறகு பார்க்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பௌர்ணமிக்கு வருகிறார், அதே அறையைக் கேட்டு வாங்கித் தங்குகிறார் என்று கணவர் சொல்வார். என்னைப் பற்றி விசாரிப்பதில்லை என்றும் சொல்வார். ஒரு மழைக்காலப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கணவர் போன் செய்தார்.

“அவர் உன்னைப் பாக்கணுமாம். அந்த வாத்தியாரையும் கூட்டினு வரச் சொல்றாரு. கையில ஏதோ எழுதி வெச்சிருக்காரு.”

பேராசிரியரிடம் சொன்னேன். வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். பென்சிலோடு வந்தார்.

தலைவர் கதை எழுதியிருந்தார். கொட்டை கொட்டையான எழுத்தில், பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில். நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. கிணற்றடியில் மோட்டார் அறையில் ஓர் எந்திரம் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு வயசாளி தனியாக இருக்கிறார். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எந்திரம் காலையில் அவருக்குச் சொல்லும். அதோடு அவரிடம் சாப்பிட்டீங்களா என்றும் கேட்கும்.

பேராசிரியர் லாட்ஜின் அந்தச் சின்ன அறையில் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். தலைவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு மலையைப் பார்த்தார். மேகம் இறங்கியிருந்ததால் மலை தெரியவில்லை, இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. என் கதையையே நூலகத்தில் வைத்து அப்படிப் பேசியவர்.

“முதல் பக்கம் வேணாம்” என்றார் பேராசிரியர். “ரெண்டாம் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க.”

“சரிங்க.”

“மோட்டார் சரியா எழுதியிருக்கீங்க. கிணத்துக்குள்ள கீழதான் இறக்கியிருக்கீங்க.” என் பக்கம் பார்க்காமல் சொன்னார். “ஆனா இந்த மெஷின் எதுக்கு சாப்பிட்டீங்களானு கேக்குது? அதோட வேலை தண்ணி இருக்குதா இல்லியானு சொல்றது. மெஷின்னா கம்மியா பேசணும்.”

“எங்க பக்கத்துல எந்த மெஷினா இருந்தாலும் கேக்குமுங்க.”

“எதை வெச்சு சொல்றீங்க?”

“எங்க ஊரை வெச்சுத்தானுங்க.”

பேராசிரியர் அந்த வரிக்கு மேலே பென்சிலை வைத்தார். கணவர் காபி கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கிறவர் மாதிரி கதவோரம் நின்றார். தலைவர் ஜன்னலை விட்டுத் திரும்பி, பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அந்த வரியை அடிக்காமல் பென்சிலைத் தூக்கிக் காதில் செருகிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார்.